24 முட்டை இன்குபேட்டர்: மூன்று ஈடு பொரித்த பிறகு

இரண்டு ஈடு கோழி முட்டை, ஒரு ஈடு வாத்து முட்டை, மொத்தம் 60 முட்டை வைத்து 35 குஞ்சு எடுத்த பிறகுதான் இதை எழுதுகிறேன். வாங்கிய வாரத்திலேயே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். முதல் ஈடு முடிந்த அன்று எழுதியிருந்தால் ஒன்றுகூடக் கொடுத்திருக்க மாட்டேன். இப்போது கேட்டால் மூன்றரை. அந்த மூன்றரை எப்படி வந்தது என்று விவரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெட்டிக்குள் வைப்பது உயிர். தப்பான ஒரு எண்ணை நம்பிவிட்டால் மூன்று வாரம் காத்திருந்து, ஓட்டுக்குள்ளேயே செத்த குஞ்சைத்தான் கையில் எடுக்க வேண்டியிருக்கும்.

இன்குபேட்டர் வாங்கவேண்டி வந்ததே ஒரு அடைக்கோழியால்தான். பதினொரு முட்டையோடு நன்றாகத்தான் அடை உட்கார்ந்தது. 12-ஆம் நாள் எழுந்தது எழுந்ததுதான், தூக்கிக் கொண்டுபோய் வைத்தாலும் உட்காரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், எட்டு முட்டையில் கரு அசைந்துகொண்டிருந்தது. வீட்டில் அவற்றுக்குச் சரியான சூடு கொடுக்க எதுவும் இல்லை. ஒரு ராத்திரி முழுக்கத் துணியில் சுற்றி, பல்பின் அடியில் வைத்து என்னென்னவோ செய்தும் எட்டும் போய்விட்டது. அடுத்த தடவை இப்படி நடக்கக் கூடாது என்றுதான் பெட்டி வாங்கினேன்.

பெயர் சொல்லப் போவதில்லை. இதே அச்சில் வார்த்த பெட்டி பல பெயர்களில் வருகிறது, நீங்கள் பார்த்தாலே தெரிந்துகொள்வீர்கள். கீழே வெள்ளைத் தொட்டி, மேலே உள்ளே பார்க்க வசதியான பிளாஸ்டிக் மூடி, மூடியின் நடுவில் ஹீட்டரும் சின்ன ஃபேனும். தொட்டியின் அடியில் இரண்டு தண்ணீர்க் குழிகள், மூடியைத் திறக்காமலே வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றப் பக்கவாட்டில் ஒரு துளை. முட்டைகள் உருளைகளுக்கு நடுவே படுத்திருக்கும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மோட்டார் அந்த உருளைகளை மெதுவாகச் சுழற்றும். முகப்பில் வெப்பநிலை, ஈரப்பதம், எத்தனையாவது நாள் என்று மூன்று எண்கள். மின்சாரம் போனால் 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டத் தனி இணைப்பு. இந்த மாதிரிப் பெட்டி பார்க்கும்போது முதலில் ஃபேன் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேன் இருந்தால் கோழிக்கும் சரி வாத்துக்கும் சரி 37.5 டிகிரி செல்சியஸ் போதும். ஃபேன் இல்லாத பெட்டியில் சூடு மேலேயே தங்கிவிடும், அதனால் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.3 முதல் 38.9 வரை வைக்க வேண்டும். ஃபேன் உள்ள பெட்டிக்கான கணக்கை ஃபேன் இல்லாத பெட்டியில் போட்டு ஈடு முழுவதையும் இழந்தவர்கள் நிறையப் பேர்.

முதல் ஈட்டில் 24 முட்டை வைத்தேன். முகப்பில் 37.8 காட்டியது, கையேட்டிலும் அதே எண்தான் இருந்தது, சரி என்று விட்டுவிட்டேன். ஏழாம் நாள் பார்த்ததில் நான்கு முட்டையில் கருவே கூடவில்லை, ஒன்றில் கரு தொடங்கி நின்றுபோயிருந்தது. 18-ஆம் நாள் மேலும் இரண்டைக் கழித்தேன். மீதி 17. கோழிக் கணக்கு 21 நாள். 21-ஆம் நாள் ஒரு சத்தமும் இல்லை. 22-ஆம் நாள் மத்தியானம்தான் முதல் ஓட்டில் விரிசல் விழுந்தது. 24-ஆம் நாள் வரை இழுத்துக்கொண்டே போய் பத்துக் குஞ்சு வந்தது, ஏழு வரவில்லை. வந்த பத்திலும் இரண்டுக்குத் தொப்புள் சரியாக மூடவில்லை.

வராத ஏழையும் உடைத்துப் பார்த்தேன். மனசுக்குக் கஷ்டமான வேலை, ஆனால் அதைச் செய்யாவிட்டால் எங்கே தப்பு என்று தெரியாது. மூன்று குஞ்சு முழுதாக வளர்ந்து, அலகு முட்டையின் அகன்ற முனையில் இருக்கிற காற்றறைக்குள்கூட நுழையாமல் நின்றிருந்தது. மற்ற நான்கும் ஓட்டைக் கொத்தித் துளை போட்டிருந்தவை. துளைக்குள் தெரிந்த சவ்வு வெள்ளையாக, காய்ந்த காகிதம் மாதிரி, குஞ்சின் இறகோடு ஒட்டிப் பிடித்திருந்தது. கழுத்தைத் திருப்ப இடமில்லாமல் அப்படியே இறுகிப் போயிருந்தன. ஓட்டுக்குள் குஞ்சு சுற்றிச் சுற்றித் திரும்பித்தான் வட்டமாக உடைத்துக்கொண்டு வர முடியும். சவ்வு காய்ந்து ஒட்டிவிட்டால் அந்தத் திரும்பல் நின்றுபோகும்.

பொரிப்பு தள்ளிப்போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வெப்பம் குறைவு. சவ்வு காய்ந்தால் ஈரப்பதம் குறைவு. ஆனால் முகப்பில் இரண்டுமே சரியாகத்தான் காட்டிக்கொண்டிருந்தன. அப்போதுதான் முகப்பு எண்களையே சோதிக்க வேண்டும் என்று தோன்றியது.

காய்ச்சலுக்கு வைக்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டரை எடுத்தேன். நமக்கு வேண்டிய 37.5 அதன் அளவுக்கு நட்டநடுவில் வருகிறது, அந்த இடத்தில் அது மிகத் துல்லியமாகவும் இருக்கும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம். காற்றுத் துளை வழியாக நுனியை முட்டையின் உயரத்துக்கு இறக்கி, ஒரே நாளில் ஆறு தடவை அளந்தேன். முகப்பு 37.8 காட்டும்போது உள்ளே 37.0. ஆறு தடவையும் ஏறக்குறைய அதே வித்தியாசம். 0.8 டிகிரி கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் மூன்று வாரம் விடாமல் அந்தக் குறைவு இருந்தால் பொரிப்பு ஒன்றிரண்டு நாள் தள்ளும், குஞ்சு பலவீனமாக வரும். பழைய எகிப்தின் செங்கல் பொரிப்பு அடுப்புகளில் தெர்மாமீட்டரே கிடையாது. அங்கே வேலை செய்தவர்கள் முட்டையைக் கண் இமையில் ஒற்றிச் சூடு பார்த்தார்கள், அப்படியே ஆயிரக்கணக்கில் பொரித்தும் எடுத்தார்கள். அவர்கள் நம்பியது முட்டையின் சூட்டை. நான் நம்பியது பெட்டியின் முகப்பை.

ஈரப்பதத்துக்கு உப்புச் சோதனை. ஒரு சின்ன மூடியில் உப்பை எடுத்து, கரையாத அளவுக்கு மட்டும் சில துளி தண்ணீர் விட்டுக் குழைத்து, ஈரப்பதமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு ராத்திரி வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். என்னிடம் இருந்த தனி ஈரப்பதமானி 72 காட்டியது, அதாவது அதன் எண்ணோடு 3 கூட்டிக்கொள்ள வேண்டும். அதைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தபோது இயந்திரத்தின் எண் 12 சதவீதம் அதிகமாக இருந்தது. கடைசி மூன்று நாள் 65 என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உள்ளே இருந்தது 53. பொரிக்கிற நேரத்தில் 65-லிருந்து 70 வேண்டும். நான்கு குஞ்சு ஏன் ஒட்டிப் போயின என்பதற்குப் பாதிப் பதில் இது. மீதிப் பாதி என் கையால் வந்தது: முதலில் வந்த குஞ்சுகளை எடுக்க மூன்று தடவை மூடியைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் உள்ளே இருந்த ஈரம் ஒரு நொடியில் வெளியே போய்விட்டது, அதே நேரத்தில் மற்ற முட்டைகளில் குஞ்சுகள் துளை போட்டுக்கொண்டிருந்தன. மூடியைத் திறக்கவே தேவையில்லை. பொரிக்கும் முன் மிச்ச மஞ்சள் கருவைக் குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வருகிறது, அது இரண்டு நாளைக்குத் தாராளமாகப் போதும், தீனியும் தண்ணீரும் இல்லாமல் உள்ளேயே இருக்கலாம்.

இந்தப் பெட்டியில் ஒரு நல்ல விஷயம், முகப்பு எண்ணைத் திருத்த வழி இருக்கிறது. கையேட்டில் எங்கோ கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் இருந்தது: அமைப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் திருத்தம் போடும் இடம் வரும். வெப்பத்தில் 0.8 கழித்தேன், ஈரப்பதத்தில் 12 கழித்தேன். இந்த ஒரு வரியை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ குஞ்சு பிழைத்திருக்கும். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. பெட்டியை வடிவமைத்தவர்களுக்கு எண் தவறலாம் என்று தெரிந்திருக்கிறது, அதனால்தான் திருத்தவும் வழி வைத்திருக்கிறார்கள். அதை வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டாமா?

இரண்டாம் ஈடு 22 முட்டை. இந்த முறை ஏழு நாளுக்குள் இட்ட முட்டைகளை மட்டும் சேர்த்தேன், அகன்ற முனை மேலே இருக்கும்படி குளுமையான இடத்தில் வைத்திருந்தேன். ஃபிரிட்ஜில் வைக்கவில்லை, கழுவவும் இல்லை. ஓட்டின் மேல் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும், கழுவினால் அது போய்விடும், அப்புறம் ஓட்டின் நுண்துளைகள் வழியாகக் கிருமி நேரே உள்ளே போகும். பெட்டியை முட்டை இல்லாமல் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, வெப்பம் நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் முட்டை வைத்தேன். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, எதிர்ப்பக்கம் வட்டம். இயந்திரம்தான் திருப்புகிறதே, இது எதற்கு என்று நினைக்காதீர்கள், வாத்து ஈட்டில் இந்தக் குறிதான் காப்பாற்றியது, அதற்கு வருகிறேன்.

ஃபேன் இருந்தும் உள்ளே எல்லா இடமும் ஒரே சூடு இல்லை. தண்ணீர்த் துளை இருக்கிற மூலை மற்ற இடங்களைவிட அரை டிகிரி குறைவு. அதனால் முட்டை பார்க்கிற நாட்களில் மூலையில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை மூலைக்கும் மாற்றி மாற்றி வைத்தேன். பெட்டி இருக்கும் அறையும் முக்கியம். வெயில் நேராக விழும் ஜன்னல் பக்கம் வைத்தால், பிளாஸ்டிக் மூடி என்பதால் உள்ளே சட்டென்று சூடு ஏறிவிடும். குளிரைவிட அதிகச் சூடுதான் ஆபத்து. கொஞ்ச நேரம் ஆறிப்போனால் கரு தாங்கும், 40 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் இருந்தால் தாங்காது.

மூடியிலேயே முட்டை பார்க்கும் விளக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். வெள்ளை ஓட்டுக்கு அது போதும், பழுப்பு ஓட்டுக்குப் போதாது, நல்ல டார்ச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். அறையை இருட்டாக்கிவிட்டு அகன்ற முனையில் வெளிச்சத்தை ஒட்டிப் பிடித்தால் ஏழாம் நாள் முட்டை உள்ளே சிவந்து தெரியும். நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து சிலந்திக் கால் மாதிரி நாலாபக்கமும் ஓடுகிற ரத்த நாளங்கள். அசையாமல் பிடித்திருந்தால் அந்தப் புள்ளி மெல்ல ஆடுவதும் தெரியும். எத்தனை ஈடு வைத்தாலும் அந்த முதல் அசைவைப் பார்க்கும்போது கை தானாக மெதுவாகிவிடுகிறது. கரு கூடாத முட்டை வெறும் மஞ்சள் நிழலாகத் தெரியும். தொடங்கி நின்றுபோனதில் நாளங்கள் இல்லாமல் ஒரு ரத்த வளையம் மட்டும் இருக்கும். அது தெரிந்தால் எடுத்துவிடுங்கள், பாவம் பார்த்து உள்ளேயே விட்டால் அழுகிவிடும்.

ஈரப்பதத்துக்கு எண்ணைவிட எடையைத்தான் இப்போது அதிகம் பார்க்கிறேன். அடைகாக்கும்போது முட்டை ஓட்டின் துளைகள் வழியாக நீரை இழந்துகொண்டே வரும், காற்றறை பெரிதாகிக்கொண்டே போகும். கோழி முட்டை 18-ஆம் நாளுக்குள் சுமார் 12 சதவீதம் எடை இழக்க வேண்டும். 50 கிராமில் வைத்தது 44 கிராமுக்கு வந்தால் சரி. குறைவாக இழந்தால் காற்றறை சின்னதாக இருக்கும், குஞ்சு முதல் மூச்சு விட இடம் பற்றாது. ஐந்து முட்டைக்கு எண் போட்டு வாரம் ஒருமுறை தராசில் வைத்தேன். முதல் 18 நாள் ஒரு தண்ணீர்க் குழியில் மட்டும் தண்ணீர், உண்மையான ஈரப்பதம் 48-லிருந்து 50. அதிலேயே எடை கணக்காக இறங்கியது. 18-ஆம் நாள் உருளைத் தட்டை எடுத்துவிட்டு, சொரசொரப்பான விரிப்பைப் போட்டு, இரண்டு குழியிலும் தண்ணீர் நிரப்பினேன், 68-க்கு ஏறியது. தட்டை எடுக்காமல் விட்டுவிடாதீர்கள், பிறந்த குஞ்சின் கால் உருளைக்குள் மாட்டும். வழவழப்பான தரையிலும் விடக் கூடாது, கால் இரண்டு பக்கமும் விரிந்துவிடும். கடைசி மூன்று நாள் காற்றுத் துளையை முழுக்கத் திறந்துவிட்டேன், அந்த நேரத்தில் குஞ்சுகளுக்குக் காற்று அதிகம் வேண்டும்.

22-ல் இரண்டு கரு கூடவில்லை, 18-ஆம் நாள் ஒன்றைக் கழித்தேன். 19-இல் 17 வந்தன. 20-ஆம் நாள் சாயங்காலம் தொடங்கி 22-ஆம் நாள் காலைக்குள் எல்லாம் முடிந்தது, நான் மூடியைத் தொடவே இல்லை. இடையில் 15-ஆம் நாள் நான்கு மணி நேரம் மின்சாரம் இல்லை, பேட்டரியும் அப்போது கையில் இல்லை. போர்வையால் பெட்டியைச் சுற்றி, காற்றுத் துளையை மட்டும் விட்டுவைத்தேன். அந்த நாளில் கரு பெரிதாகிவிட்டதால் தானே கொஞ்சம் சூடு உண்டாக்கும், 20 முட்டை சேர்ந்து இருந்தால் ஒன்றுக்கொன்று துணை. மின்சாரம் திரும்பி வந்தபோது முகப்பு 33 காட்டியது, பிறகு ஏறிவிட்டது. அதனால் எதுவும் போகவில்லை. பிறகு பேட்டரி இணைத்து ஓட்டிப் பார்த்தேன், ஓடுகிறது. ஆனால் பேட்டரிக்குத் தானாக மாறுவதில்லை, நாம்தான் இணைக்க வேண்டும். ராத்திரி தூக்கத்தில் மின்சாரம் போனால் அதன் எச்சரிக்கை மணியைத்தான் நம்பியாக வேண்டும். இந்தப் பெட்டியில் மின்சாரம் போனால் அந்த மணியும் போய்விடுகிறது. இதற்குத்தான் அரை நட்சத்திரம் குறைத்தேன்.

இனி வாத்து. இந்தப் பெட்டியின் மேல் எனக்கு உண்மையான குறை இருப்பது இங்கேதான். அட்டைப்பெட்டியின் மேல் கோழி, வாத்து, காடை, வான்கோழி என்று படம் போட்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பது கோழிக்காகச் செய்த இயந்திரம். வாத்து முட்டை பெரிது, 24 இடம் என்பது 14 ஆகிவிடுகிறது. அதைக்கூட விட்டுவிடலாம். ஆறாம் நாள் சும்மா மூடிக்கு மேலே குனிந்து பார்த்தேன், ஓர வரிசையில் நான்கு முட்டையிலும் பெருக்கல் குறிதான் மேலே இருந்தது. முந்தின நாளும் அதையே பார்த்த ஞாபகம். இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மோட்டார் ஓடியது, நடு வரிசைகள் திரும்பின, ஓர வரிசை அசையவில்லை. முட்டை தொட்டியின் சுவரோடு நெருக்கிக்கொண்டு நின்றிருந்தது, அந்த உருளை மட்டும் பல்சக்கரத்தில் நழுவிக்கொண்டிருந்தது. முட்டை நாள்கணக்கில் ஒரே பக்கமாகக் கிடந்தால் கரு சவ்வோடு ஒட்டிவிடும், முதல் வாரத்தில்தான் அந்த ஆபத்து மிக அதிகம். வரிசைக்கு ஒன்று குறைத்து அடுக்கினால் உருளை சுழல்கிறது, ஆனால் எடுக்கிற முட்டையை எங்கே வைப்பது. அந்த நான்கையும் அதன்பிறகு நாளுக்கு ஐந்து தடவை கையாலேயே திருப்பினேன். பென்சில் குறி இல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அடுத்தது நாள் கணக்கு. முகப்பில் 18 வந்ததும் இயந்திரம் தானாகத் திருப்புவதை நிறுத்திவிடுகிறது. கோழிக்கு அது வசதி. வாத்துக்கு 28 நாள், 25-ஆம் நாள் வரை திருப்ப வேண்டும். இதற்குத் தனி அமைப்பு கிடையாது. 17-ஆம் நாள் கணக்கை அழித்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வைத்தேன், பிறகு என் குறிப்பேட்டைப் பார்த்து 25-ஆம் நாள் நானே தட்டை எடுத்தேன். மஸ்கோவி வாத்தாக இருந்தால் 35 நாள் வரை போகும், இன்னும் கவனமாக எண்ண வேண்டும். கோழி முட்டையையும் வாத்து முட்டையையும் ஒரே பெட்டியில் சேர்த்து வைத்து, வாத்தை ஏழு நாள் முன்னால் வைத்தால் ஒன்றாகப் பொரியுமே என்று கேட்கிறார்கள். கணக்கு சரிதான், ஆனால் இவ்வளவு சின்னப் பெட்டியில் வேண்டாம். வாத்துக்கு ஈரம் கொஞ்சம் கூட வேண்டும், தினமும் ஆறவிட வேண்டும், ஒரு வாத்து முட்டை அழுகினால் கோழி ஈடும் சேர்ந்து கெடும்.

ஆறவிடுவது பற்றிக் கையேட்டில் ஒரு சொல்கூட இல்லை. வாத்து தினமும் கூட்டை விட்டு இறங்கி, தண்ணீரில் நனைந்து, ஈர உடம்போடு திரும்பி வந்து முட்டை மேல் உட்காரும். அதை ஒட்டி எட்டாம் நாளிலிருந்து 25 வரை நாளுக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து நிமிடம் மூடியைத் திறந்து வைத்து, மூடும் முன் வெதுவெதுப்பான தண்ணீரை மெல்லிய தூவலாக அடித்தேன். அவசியமில்லை என்பவர்களும் உண்டு. நான் செய்தேன், அடுத்த முறையும் செய்வேன். 72 கிராம் முட்டை 25-ஆம் நாள் 62.5 கிராமுக்கு வந்திருந்தது, 13 சதவீதம், அதுதான் வேண்டும்.

14-ல் மூன்று கூமுட்டை. 15-ஆம் நாள் மூடியைத் திறந்ததும் லேசாக ஒரு நாற்றம். ஒவ்வொன்றாக மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்து, ஓட்டில் பிசுபிசுப்பாக வியர்த்திருந்த ஒன்றைக் கண்டுபிடித்து வெளியே எடுத்துப் போனேன். வாத்து சேற்றிலும் ஈரத்திலும் முட்டை இடும், கோழி முட்டையைவிட அழுக்காக வரும், அழுகும் வாய்ப்பும் அதிகம். அழுகியதை விட்டுவைத்தால் உள்ளே வாயு சேர்ந்து வெடித்து எல்லா முட்டை மேலும் தெறிக்கும். வாத்து ஈட்டில் தினமும் முகர்ந்து பாருங்கள். மீதி 10.

26-ஆம் நாள் ராத்திரி காதை மூடியோடு ஒட்டி வைத்துக் கேட்டேன், உள்ளேயிருந்து சன்னமான கீச்சொலி. காற்றறைக்குள் அலகு நுழைந்து முதல் மூச்சு விட்டாயிற்று என்று அர்த்தம். 27 காலை முதல் முட்டையில் ஓடு ஒரு நட்சத்திரம் போல உயர்ந்து விரிந்திருந்தது. அதற்கப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம், பதினெட்டு மணி நேரம், இருபத்துநான்கு மணி நேரம். கோழிக் குஞ்சு இதற்குள் வெளியே வந்து காய்ந்துகூட இருக்கும். வாத்துக் குஞ்சு நிதானமாக எடுத்துக்கொள்ளும், துளை போட்டபின் ஒன்றரை நாள்கூட ஆகும். அந்த நேரத்தில் அது சும்மா இல்லை. சவ்வின் நாளங்களில் ஓடும் ரத்தத்தைத் தன் உடம்புக்குள் எடுத்துக்கொண்டிருக்கிறது, மஞ்சள் கருவை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் ரத்தம் வரும். துளைக்குள் அலகு திறந்து மூடிக்கொண்டே இருந்தது, மேலலகின் நுனியில் ஓட்டை உடைக்கிற அந்த வெள்ளைப் பல் தெரிந்தது, நான் கூப்பிட்டால் பதிலுக்குக் கீச்சிட்டது. 30 மணி நேரம் கழித்துத் திடீரென்று வேலை தொடங்கியது. ஒரு கொத்து, ஒரு திருப்பம், கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஒரு கொத்து. 40 நிமிடத்தில் வட்டம் முடிந்து மூடி போல ஓடு திறந்தது. அகலமான ஈர அலகும் சவ்வுப் பாதமுமாகக் குஞ்சு விரிப்பில் விழுந்து, தலையைத் தூக்க முடியாமல் தூக்கி, பக்கத்து முட்டையின் மேல் கழுத்தைப் போட்டுத் தூங்கிவிட்டது.

29-ஆம் நாளுக்குள் எட்டு வந்தன. ஒன்று துளையே போடாமல் போனது, இன்னொன்று துளை போட்டபின் போனது. அந்த இரண்டும் எவை என்று பார்த்தேன், ஒன்று ஓர வரிசையில் திரும்பாமல் கிடந்த நான்கில் ஒன்று. அதனால்தான் போனது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் அது மனசில் நிற்கிறது.

பொரிப்பு முடிந்ததும் சுத்தம் செய்வது பெரிய பாடு. தொட்டியைத் தேய்த்துக் கழுவலாம், மூடியைத் தண்ணீரில் போட முடியாது, மின்பாகம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. குஞ்சுகளின் மெல்லிய இறகுத் தூசி முழுக்க ஃபேனுக்குள் போய் அப்பிக்கொள்ளும், நான்கு திருகைக் கழற்றி ஈரத் துணியாலும் பழைய பல் துலக்கும் பிரஷாலும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஈட்டுக்கும் பிறகு கட்டாயம் செய்யுங்கள், முந்தின ஈட்டின் அழுக்கு அடுத்த ஈட்டின் முட்டைக்குக் கிருமி. கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

புரூடரை, அதாவது பொரித்த குஞ்சுகளைச் சூட்டில் வைத்து வளர்க்கும் பெட்டியை, முட்டை வைக்கும் முன்பே தயார் செய்யுங்கள். முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரம் மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். வாத்துக் குஞ்சுக்கு மூக்கு முழுக நனைக்கிற அளவு ஆழமான தண்ணீர் வேண்டும், ஆனால் நீந்த விடாதீர்கள். தாயோடு இருந்தால் அதன் எண்ணெய் குஞ்சின் மேல் படும், இன்குபேட்டர் குஞ்சு நனைந்தால் குளிர்ந்துவிடும். கோழிக் குஞ்சைவிட வாத்துக் குஞ்சுக்கு நியாசின் என்ற பி வைட்டமின் அதிகம் தேவை, இல்லாவிட்டால் கால் வளைந்து நடக்கத் தடுமாறும், தீனியில் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் அல்ல) கலந்தால் போதும். இன்னொன்று, பொரிப்பதில் பாதி சேவலாக இருக்கும். அவற்றை என்ன செய்யப் போகிறீர்கள் என்று முட்டை வைக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கோழி முட்டை மட்டும் வைப்பவர்கள், தெர்மாமீட்டரும் தனி ஈரப்பதமானியும் கையில் இருந்தால், இந்தப் பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம். திருத்திய பிறகு வெப்பம் நாள் முழுக்க அரை டிகிரிகூட ஆடவில்லை, மோட்டார் சத்தம் இல்லாமல் ஓடுகிறது, 19-க்கு 17 என்பது எனக்கு நிறைவான கணக்கு. வாத்துதான் முக்கியம் என்றால் உருளைத் தட்டு உள்ள இதை விட்டுவிட்டு, முட்டையை நிற்கவைத்துச் சாய்க்கிற தட்டு உள்ள, நாள் கணக்கை நாமே போட்டுக்கொள்கிற பெட்டியாகப் பாருங்கள். நானும் அடுத்த வாத்து ஈட்டுக்கு உருளைத் தட்டைப் பயன்படுத்தப் போவதில்லை. வெறும் விரிப்பின் மேல் 12 முட்டை, பென்சில் குறி, நாளுக்கு ஐந்து தடவை கையால் திருப்புவது, அவ்வளவுதான். முட்டை சேர்க்கத் தொடங்கிவிட்டேன், இன்றைக்கு ஏழு ஆகியிருக்கிறது.